எந்த இடத்தில் நின்றது?

அன்புள்ள வாசகர்களுக்கு,

சென்ற மாத இதழ் உங்களில் பலருக்கு ஐந்து நாள் பிந்திக் கிடைத்திருக்கும். சிலர் தொலைபேசியில் கேட்டீர்கள். இரண்டு பேர் தபால்காரரிடம் கோபித்துக்கொண்டதாகவும் சொன்னீர்கள். அவரைப் பார்த்தால் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லிவிடுங்கள், அவர்மேல் குற்றமில்லை. இதழ் அச்சாகி, தைத்து, கட்டுக் கட்டாக எங்கள் வாசலில் வந்து இறங்கியது குறித்த நாளில்தான். மேலே ஒட்ட முகவரிச் சீட்டுதான் இல்லை.

முகவரிகள் இருந்த கணினி, ஓ.எஸ். போடும்போது பாதியில் ஹேங் ஆகி நின்றுகொண்டிருந்தது.

மெய்ப்புப் பார்க்கவும், சந்தா பட்டியல் வைத்துக்கொள்ளவும் எங்களிடம் இருப்பது 2013-இல் வாங்கிய ஒரு மேசைக் கணினி. மூன்றாம் தலைமுறை ஐ3 ப்ராசஸர். முதலில் 4 ஜிபி ரேம், பிறகு இன்னொரு 4 ஜிபி சேர்த்தோம். பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்குப் போகலாமென்றால் டி.பி.எம். 2.0 சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்கிறார்கள். எங்கள் கணினிக்கு அந்த யோகமில்லை. நல்ல நிலையில் இருக்கிற பெட்டியை எடைக்குப் போட மனம் வரவில்லை. லினக்ஸ் மின்ட் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம். 2 ஜிபி ரேம் இருந்தாலே ஓடும் என்பார்கள், எங்களிடம் எட்டு இருக்கிறதே!

முன்னெச்சரிக்கையாகச் சந்தா பட்டியலை ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்தோம். எங்கள் புத்திசாலித்தனம் அதோடு தீர்ந்தது. மறுநாள் மின்ட்டின் ஐ.எஸ்.ஓ. கோப்பை எழுத ஒரு பென்டிரைவ் தேடியபோது, மேசை இழுப்பறையில் கைக்கு அகப்பட்டது அதே பென்டிரைவ். இதிலுள்ளவை எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டது. சம்மதம் என்று அழுத்தினேன். ஆமாம், அழுத்தியவன் நான்தான். அந்தக் கேள்வியை நின்று படித்துப் பதில் சொன்னவர் யாராவது இருந்தால் அவருக்கு என் வணக்கம்.

பென்டிரைவிலிருந்து பூட் ஆனது. பச்சை இலைச் சின்னம் வந்தது. மொழி, விசைப்பலகை, நேரம் எல்லாம் கேட்டது. டிஸ்க்கை அழித்து நிறுவு என்றோம். கோப்புகள் நகலாகிற பட்டை மெதுவாக வலப்பக்கம் நகர்ந்து, பாதியைத் தொடுவதற்கு முன் நின்றது. சுட்டி அசையவில்லை. திரை மூலையில் கடிகாரம் 11.42 காட்டியது. டீ குடித்துவிட்டு வந்தோம். அப்போதும் 11.42.

ஓ.எஸ். போடும்போது ஹேங் ஆவதில் இருக்கிற கொடுமை இதுதான். டிஸ்க்கைப் பிரித்து ஃபார்மட் அடிப்பது தொடக்கத்திலேயே முடிந்துவிடும். அதற்குப் பிறகுதான் கோப்புகள் வரத் தொடங்கும். நடுவில் நின்றால் பழைய வீடு இடிந்தாயிற்று, புது வீட்டுக்கு அஸ்திவாரம்தான் போட்டிருக்கிறது என்ற நிலை.

அடுத்த இரண்டு நாள் நாங்கள் செய்ததை வெட்கத்தோடு எழுதுகிறேன். மறுபடி முயன்றோம். இந்தத் தடவை பட்டை முக்கால் வரை போய் நின்றது. பென்டிரைவ் சரியில்லை என்று புதியது வாங்கினோம். அதில் டெஸ்க்டாப் வந்த கையோடு, நிறுவலைத் தொடங்குவதற்கு முன்பே உறைந்தது. இந்தப் பதிப்புதான் சரியில்லை என்று முந்தைய பதிப்பை இறக்கினோம். இறங்கிய கோப்பு முழுசா, சேதமா என்று பார்க்க அதே பக்கத்தில் ஷா256 என்று 64 எழுத்து, எண் கொண்ட ஒரு சரிபார்ப்புக் குறி கொடுத்திருந்தார்கள். அதை ஒப்பிடவும் பொறுமையில்லை. ஒரு நண்பர் வேறு லினக்ஸ் போடச் சொன்னார். இன்னொருவர் பயாஸை அப்டேட் செய்யச் சொன்னார். மின்தடை வருமா வராதா என்று தெரியாத ஊரில், யு.பி.எஸ். இல்லாமல் பயாஸில் கை வைப்பதைப் போல வேண்டாத வேலை வேறில்லை. நல்லவேளை, அந்த ஆலோசனையை மட்டும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் சர்வீஸ் அண்ணன் வந்தார். இருபது வருஷத்துக்கு மேல் பழக்கம். திருப்புளியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, “எத்தனை தடவை போட்டுப் பார்த்தீங்க சார்?” என்றார்.

“நாலு தடவை.”

“நாலு தடவையும் ஒரே எடத்துலயா நின்னுச்சு?”

“இல்லை, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடம்.”

“நிக்கும்போது கேப்ஸ் லாக் அமுக்கிப் பாத்தீங்களா?”

அது எங்களுக்குத் தோன்றவே இல்லை. அவர் சொன்ன பிறகு, அடுத்த தடவை நின்றபோது அமுக்கிப் பார்த்தோம். விளக்கு எரியவில்லை.

அந்தச் சின்னப் பச்சை விளக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். திரை நின்றுபோனால் உடனே பவர் பட்டனை அமுக்காமல், கேப்ஸ் லாக் விசையை இரண்டு முறை தட்டுங்கள். விளக்கு எரிந்து அணைந்தால், உள்ளே இயங்குதளம் உயிரோடிருக்கிறது. திரை மட்டும் நின்றிருக்கலாம், அல்லது டிஸ்க்கிலிருந்து பதில் வராமல் காத்திருக்கலாம். விளக்கு அசையவே இல்லையென்றால் அடிப்படையே நின்றுவிட்டது என்று பொருள். லினக்ஸில் யாரும் தொடாமலே அது தானாக மினுக்கத் தொடங்கினால், கெர்னல் இனி என்னால் முடியாது என்று கை விரித்துவிட்டது. மடிக்கணினிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். சுட்டி நகர்கிறது, ஆனால் எதைச் சொடுக்கினாலும் பலனில்லை என்றால் பெரும்பாலும் டிஸ்க் பக்கம்தான் சந்தேகப்பட வேண்டும். பழுதான ஒரு செக்டரைப் படிக்க முடியாமல் ஹார்டு டிஸ்க் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கும். பெட்டியின் முகப்பில் டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும். காதை வைத்துக் கேட்டால் ‘டக், டக்’ என்று சத்தம்கூட வரலாம்.

அண்ணனின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அவர் கேட்டதிலேயே கெட்டிக்காரத்தனமான கேள்வி அதுதான்.

ஒவ்வொரு தடவையும் மிகச் சரியாக ஒரே இடத்தில் நிற்கிறதென்றால், அந்த இடத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது. கோப்பு இறங்கும்போதே சேதமாகியிருக்கலாம். பென்டிரைவில் அந்தப் பகுதி கெட்டிருக்கலாம். 64 ஜிபி என்று மேலே அச்சடித்து, உள்ளே எட்டோ பதினாறோ மட்டும் வைத்து விற்கிற போலி பென்டிரைவுகள் சந்தையில் உண்டு. அதன் நிஜக் கொள்ளளவைத் தாண்டி எழுதியதெல்லாம் கிணற்றில் போட்ட கல். இல்லாவிட்டால், அந்தக் கட்டத்தில் கணினி ஏதோ ஒரு சாதனத்தைத் தட்டி எழுப்பப் பார்க்கிறது, அது எழவில்லை. கிராபிக்ஸ் கார்டுதான் இதில் அடிக்கடி மாட்டுகிற ஆள். சின்னம் காட்டும் திரையிலேயே நிற்கிறது, அல்லது திரை கருத்துப்போகிறது என்றால், மின்ட்டின் தொடக்கப் பட்டியலில் ‘கம்பாட்டிபிலிட்டி மோடு’ என்று ஒரு வரி இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டின் சொந்த டிரைவரை நம்பாமல் எளிய முறையில் திரையைக் காட்டும். அதில் நிறுவல் முடிந்துவிட்டால் நோய் இன்னதென்று தெரிந்துவிடும்.

இடம் மாறி மாறி நின்றால் கதை வேறு. அப்போது கோப்பையும் பதிப்பையும் மாற்றிக்கொண்டிருப்பது வீண். ரேம், சூடு, மின்சாரம் என்று பெட்டிக்குள்தான் போக வேண்டும். நாங்கள் இரண்டு நாள் செய்தது, வயிற்று வலிக்குச் செருப்பை மாற்றிக்கொண்டிருந்த வேலை.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்து ஆட்களுக்கு ‘34 நிமிஷம்’ என்றால் இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும். எக்ஸ்பி போடும்போது 39 நிமிஷம் பாக்கி என்று ஆரம்பிக்கும். 34 வந்ததும் சாதனங்களைக் கண்டுபிடிக்கிற கட்டம். எத்தனையோ கணினிகள் அந்த 34-இலேயே மணிக்கணக்கில் நின்றன. அன்றைக்கு இதே அண்ணன், மோடம் கார்டு, சவுண்டு கார்டு, பிரிண்டர் ஒயர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, வெறும் பெட்டியில் எக்ஸ்பி போட்டு, பிறகு ஒவ்வொன்றாகச் செருகுவார். “கல்யாணத்தன்னைக்கு விருந்தாளிய எல்லாம் சமையல்கட்டுல விடாதீங்க தம்பி” என்பார். அப்போது நான் தம்பி, இப்போது சார். அந்த வைத்தியம் இன்றைக்கும் பலிக்கிறது. விசைப்பலகை, சுட்டி, பென்டிரைவ் மூன்றைத் தவிர யு.எஸ்.பி.யில் மற்றெதுவும் வேண்டாம்.

சரி, எங்கள் பெட்டிக்கு வருவோம். அண்ணன் இன்னொரு பென்டிரைவ் கொண்டுவந்திருந்தார். அதில் மெம்டெஸ்ட் என்ற சிறிய நிரல். 1994-இல் தொடங்கிய மெம்டெஸ்ட்86-இன் வழிவந்தது. ஓ.எஸ். எதுவும் இல்லாமல் தானே பூட் ஆகி, ரேமின் ஒவ்வொரு இடத்திலும் ஒரு எண்ணை எழுதி, திரும்பப் படித்து, எழுதியதுதான் வந்ததா என்று பார்க்கும். பிறகு வேறொரு எண். அப்புறம் இன்னொன்று. வேறு வேலை தெரியாது அதற்கு. “ராத்திரி பூரா ஓடட்டும். காலையில ஒரு செவப்புக் கோடு இருந்தாலும் போன் பண்ணுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

காலைவரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. இரவு விளக்கணைக்கப் போனபோது நீலத் திரையில் பாதிக்கு மேல் சிவப்பு.

மறுநாள் மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு தடவை அமுக்கி மிச்ச மின்சாரத்தை இறக்கி, பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே கை வைத்தார். உடம்பில் தேங்கியிருக்கும் நிலை மின்சாரம் ஒரு சிப்பைக் கொல்லப் போதும். இரண்டு ரேமையும் கழற்றினார். தங்க நிறப் பற்களில் கறுப்பாக ஒரு படலம். பள்ளிக்கூட ரப்பரை எடுத்து, பென்சில் எழுத்தை அழிப்பதுபோல் மெல்லத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு மாட்டினார். நம்மூரில் பாதிக் கணினிகள் பிழைத்துக்கொள்வது இந்த ஐந்து ரூபாய் ரப்பரால்தான். எங்களுடையது பிழைக்கவில்லை, சிவப்பு மறுபடி வந்தது. ஒரே ஒரு ரேமை மட்டும் மாட்டிச் சோதித்தார், சுத்தம். அதை எடுத்துவிட்டு மற்றதை அதே ஸ்லாட்டில் மாட்டினார், சிவப்பு. அதையே அடுத்த ஸ்லாட்டில் மாட்டினார், அங்கேயும் சிவப்பு. ஸ்லாட் குற்றமற்றது, ரேம்தான் குற்றவாளி என்று அப்போதுதான் தீர்ப்பு. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றினார் என்பதைக் கவனித்தீர்களா? நாங்கள் மாற்றிய பென்டிரைவோடு பதிப்பையும் மாற்றிவிட்டு, எது தேவலை என்று முழித்தவர்கள்.

எனக்கு ஒரு சந்தேகம். “இதே ரேமோடதானே விண்டோஸ் இத்தனை நாள் ஓடிச்சு?”

“ஓடிச்சு. நல்லா ஓடிச்சா?”

நல்லா ஓடவில்லை. யோசித்தால் ஒரு வருஷமாகவே எழுத்துரு மாற்றும் நிரல் அவ்வப்போது தானாக மூடிக்கொள்ளும். அந்த நிரலை எழுதிய புண்ணியவானை நாங்கள் திட்டாத நாளில்லை. எங்கே இருந்தாலும் அவர் எங்களை மன்னிக்க வேண்டும்.

நாலு பக்கம் தட்டச்சு செய்து, ஒரு பட்டியலைத் திறந்து மூடுகிற கணினியில் ரேமின் பெரும்பகுதி சும்மாதான் கிடக்கும். பழுதான இடத்தில் கால் படுவதே அபூர்வம். பட்டாலும் ஒரு நிரல் மூடிக்கொள்ளும், நாம் மறுபடி திறந்துகொள்வோம். ஓ.எஸ். நிறுவுவது அப்படியில்லை. பென்டிரைவிலிருந்து ஓடும் மின்ட், படித்ததையெல்லாம் ரேமில் நிறுத்திவைக்கும், தற்காலிகமாக எழுதுவதையும் ரேமிலேயே எழுதும். அந்தக் கோப்புகள் இறுக்கிச் சுருட்டி வைக்கப்பட்டவை. சுருட்டியதை விரிக்கும்போது ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் அந்தக் கட்டு முழுவதும் குப்பை. விண்டோஸ் நிறுவலிலும் இதே சுருட்டல், இதே விரித்தல்தான். ஒவ்வொரு தடவையும் ரேமில் எது எங்கே போய் உட்காரும் என்பது மாறுகிறது, அதனால்தான் நிற்கிற இடமும் மாறியது.

ப்ராசஸருக்கும் அன்றைக்கு ஓய்வில்லை. விரிக்கிற வேலை முழுக்க அதன் தலையில். விசிறியில் ஐந்து வருஷத் தூசி, ஹீட் சிங்க்குக்கு அடியில் தெர்மல் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பு என்றால், சூடு ஏறி முதலில் வேகம் குறையும், 100 டிகிரி பக்கத்தில் பெட்டி நின்றோ அணைந்தோ போகும். மே மாதத்தில் மொட்டை மாடி அறையில் ஓ.எஸ். போடுகிறவர்கள் இதை முதலில் சந்தேகிக்கலாம்.

2014, 2015 வாக்கில் வந்த சின்ன மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வரி. அவற்றில் பலவற்றில் இன்டெல்லின் பே டிரெயில் வகை ப்ராசஸர் இருந்தது. வேலையில்லாதபோது அது ஆழ்ந்த தூக்கத்துக்குப் போய், லினக்ஸில் எழுந்திருக்காமலே உறைந்துவிடுகிற வியாதி பிரசித்தம். ஆழ்ந்து தூங்கவிடாதே என்று தொடக்கத்தில் கெர்னலுக்கு ஒரு கட்டளை சேர்த்தால் சரியாகும். பேட்டரி மட்டும் சற்று சீக்கிரம் இறங்கும்.

ரேம் ஒன்றோடு, மீதி 4 ஜிபியில், மின்ட் அன்று மத்தியானம் இருபது நிமிஷத்துக்குள் ஏறி முடிந்தது. அண்ணன் வாங்கிக்கொண்டது ஒரு டீயும் முந்நூறு ரூபாயும். ரேமின் மேல் மார்க்கரில் பெருக்கல் குறி போட்டு என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

சந்தா பட்டியல்? நாலு மாதத்துக்கு முந்தைய பிரதி ஒன்று என் மின்னஞ்சலில் கிடைத்தது. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களையும் வீடு மாறியவர்களையும், ரசீதுப் புத்தகத்தையும் உங்கள் அஞ்சலட்டைகளையும் வைத்து, அலுவலகத்தில் எல்லோருமாக உட்கார்ந்து கையால் ஏற்றினோம். ஐந்து நாள் போனது அதில்தான். ஒரு அட்டையில் தண்ணீர் பட்டு பின்கோடு அழிந்திருந்தது. இன்னொன்றில் ஊர்ப்பெயர் புரியவில்லை. சிலருடைய இதழ் பழைய வீட்டுக்கே போயிருக்கும். அதற்கு என்னைத்தான் கடிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். ஓ.எஸ். போடும்போது ஹேங் ஆகிறது, என்ன செய்வது என்று மாதம் நாலைந்து கடிதம் வருகிறது. இனி எழுதும்போது எத்தனை தடவை முயன்றீர்கள், ஒரே இடத்தில் நின்றதா மாறி நின்றதா, கேப்ஸ் லாக் விளக்கு எரிந்ததா என்று மூன்றையும் எழுதுங்கள். திரையில் கடைசியாகத் தெரிந்ததை செல்போனில் படம் எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது. கடிதங்களைச் சர்வீஸ் அண்ணனிடம் காட்டி, பதிலை அடுத்தடுத்த இதழ்களில் தருகிறோம்.

இரண்டாவது, சென்ற இதழ் கிடைக்காதவர்கள் சந்தா எண்ணோடு ஒரு அஞ்சலட்டை போடுங்கள். பிரதிகள் எடுத்து வைத்திருக்கிறோம். பட்டியல் இப்போது மூன்று இடங்களில் இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்